ஆறு மணிக்கு விழும் டிரிப்பர்

அத்தியாயம் 11

அடைக்கலசாமி வீட்டில் இப்போதெல்லாம் மாலைக் கோயில் மணி அடித்தால் கரண்ட் போய்விடுகிறது. தெருவுக்கெல்லாம் இருக்கிறது, இவர்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. மற்ற நாட்களில் போனால் மெழுகுவர்த்தியோடு போயிற்று. வெள்ளிக்கிழமை போனால், குவைத்திலிருந்து ரெமிஜியஸ் பேசும் போனும் சேர்ந்து போகிறது.

போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. "குவைத்துக்கு வர்றியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு" என்று ரெமிஜியஸ் கேட்டான். அவன் மனைவி ஃபிளோரா வாயைத் திறந்தாள். வாசல் நிலைக்கு மேலே, கரண்ட்டை அணைக்கிற டிரிப்பர் பெட்டி 'டக்'கென்று விழுந்தது. கார்ட்லெஸ் போன் கையிலேயே செத்துப்போனது.

அந்த இருட்டில் நெல் பத்தாயம் இருக்கிற அறையிலிருந்து மாமியார் செபஸ்தியம்மாள் வெளியே வந்தாள். அவள் கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் போகும் என்று முன்பே தெரிந்தவள்தானே வர்த்தியை முன்பே ஏற்றி வைத்திருப்பாள்? ஃபிளோராவுக்குச் சந்தேகம் வந்தது. எனக்கும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும், மறைக்காதீர்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நீடாமங்கலத்துக்கு மேற்கே, ஆற்றங்கரையை ஒட்டிய ஊர். கல்யாணத்துக்கு வந்த ரெமிஜியஸ் விடுப்பு முடிந்ததும் குவைத்துக்குத் திரும்பிவிட்டான். போகும்போது வீட்டுக்கு ஒரு கார்ட்லெஸ் போனை வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெருமையில் அவன் அப்பா அடைக்கலசாமி பழைய போனைப் பங்குச் சாமியாருக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். கரண்ட் இல்லாவிட்டால் புதுப் போன் வெறும் பிளாஸ்டிக் கட்டை என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

டிரிப்பரும் ரெமிஜியஸ் கொடுத்தனுப்பியதுதான். அவனுடைய கம்பெனியில் ஈரக் கையோடு மிஷினைத் தொட்ட ஒருவன், இந்தப் பெட்டி கரண்ட்டை அணைத்ததால் பிழைத்தானாம். ஊருக்கு வந்த நண்பனிடம் ஒன்று கொடுத்து, முதல் வேலையாக மாட்டுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். மாட்டிய நாளிலிருந்து அது விழுந்துகொண்டே இருக்கிறது.

இதில் ஃபிளோராவுக்கு என்ன நஷ்டம் என்றால், எல்லாமே நஷ்டம்தான். ரெமிஜியஸுக்குக் குடும்பத்தோடு தங்கக் கம்பெனி வீடு தருகிறது. வேண்டுமா வேண்டாமா என்று அவன் சனிக்கிழமை காலையில் சொல்லியாக வேண்டும். போன வாரம் போன் அறுந்த பிறகு அவன் பக்கத்து வீட்டுச் சாவித்திரியின் நம்பருக்குப் பேசியிருக்கிறான். நான் கேட்கிற நேரம் பார்த்து அவள் போனை வைத்துவிடுகிறாள், இந்த வெள்ளியும் அப்படியே நடந்தால் அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றானாம். சாவித்திரி இதைக் குளத்தங்கரையில் வைத்து ஃபிளோராவிடம் சொன்னாள். கூடத் துவைத்துக்கொண்டிருந்த எல்லாரிடமும் சொன்னாள்.

ஃபிளோராவுக்குப் போக வேண்டும். புருஷனோடு சேர்ந்து இருந்ததைவிட அவன் போட்டோவோடு இருந்ததுதான் அதிகம். சாவித்திரி வீட்டிலிருந்து பேசலாம்தான். ஆனால் அந்த வீட்டில் பேசுவதும் கோயில் மைக்கில் பேசுவதும் ஒன்று. அவனுக்குத் திருப்பிப் போன் போடவும் வழியில்லை. அவன் தங்கியிருக்கிற கேம்பில் போன் கிடையாது, வெளியே பூத்தில் வரிசையில் நின்று கார்டு போட்டுப் பேசுகிறான்.

செபஸ்தியம்மாள் இந்தக் குவைத் விஷயத்தில் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கேட்டால் அரிசி களைந்துகொண்டே, மாதா பார்த்துப்பா என்பாள். மாதா என்ன பார்த்துவைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

இனி, இந்த வெள்ளிக்கிழமை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடைக்கலசாமி எலக்ட்ரீஷியன் கோவிந்தராசுவைக் கூட்டிவந்துவிட்டார். டிரிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு லைனை நேராகக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. கோவிந்தராசுவுக்கு இதில் முழுச் சம்மதம். வெளிநாட்டுச் சாமானுக்கு நம்ம ஊர் கரண்ட் ஒத்துக்கொள்ளாது என்பது அவருடைய கட்சி. காலாகாலமாக அரிசிச் சோறு தின்றவனுக்கு ரொட்டியைக் கொடுத்த கதை என்றார்.

செபஸ்தியம்மாள் அவருக்கு டீயோடு முறுக்கும் வைத்தாள். எலக்ட்ரீஷியனுக்கு அந்த வீட்டில் முறுக்கு வைத்தது அதுதான் முதல் முறை. அதையும் ஃபிளோரா கவனித்தாள்.

கல்யாணத்துக்கு முன் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்தவள் அவள். போன வாரத்திலிருந்து மாமியாரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்ததில் படித்த பாடம் மறந்திருந்தது. டிரிப்பரைக் கழற்றப் போகிறார்கள் என்றதும்தான் ஞாபகம் வந்தது.

"மாமா, கொஞ்சம் பொறுங்க. டீ குடிச்சு முடிக்கட்டும். அதுக்குள்ள நான் ஒண்ணு பார்த்துடுறேன்" என்றாள்.

நாத்தனார் பிரின்ஸியைக் கூப்பிட்டு வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் போடச் சொன்னாள். டி.வி., பிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, கிரைண்டர், மூன்று பேன். எதுவும் அரைக்காமல் மிக்ஸி வெறுமனே கத்தியது. செபஸ்தியம்மாள் கரண்ட் பில்லை நினைத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். டிரிப்பர் அசையவில்லை.

இதுவரை அந்த வீட்டில் ஆளுக்கு ஒரு குற்றவாளி இருந்தது. மாமியார் மருமகளின் அயர்ன் பாக்ஸைச் சொல்வாள். மாமனார் மகளின் டி.வி.யைச் சொல்வார். பிரின்ஸி, சீராக வந்த பிரிட்ஜைச் சொல்வாள். எல்லாம் ஒன்றாக ஓடியும் பெட்டி சும்மா இருந்ததில் மூன்று பேருக்கும் ஏமாற்றம்.

"லோடு தாங்காம விழலை. வேற எதுவோ இருக்கு" என்றாள் ஃபிளோரா. ஆறு மணிக்குத்தானே விழுகிறது, ஆறு மணிக்கு அவரவர் என்ன செய்வார்களோ அதை இப்போதே ஒருமுறை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அப்படியாக அந்த வீட்டில் நல்ல வெயிலில் ஆறு மணி ஒத்திகை நடந்தது. அடைக்கலசாமி ரேடியோவைத் திருகி, இல்லாத செய்திக்காகக் காத்திருந்தார். பிரின்ஸி டி.வி. முன்னால் உட்கார்ந்தாள், அவளுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. செபஸ்தியம்மாள் பத்தாய அறைக்குள் போய், முக்காடு போட்டு, மணி அடித்ததாக வைத்துக்கொண்டு மூவேளை செபத்தை முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தாள். கோவிந்தராசு முறுக்கைக் கடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரிப்பர் விழவில்லை.

ஃபிளோராவுக்கு அழுகை வரும்போல இருந்தது. வெயில் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தைத் தாண்டிவிட்டது. கோவிந்தராசு எழுந்து ஸ்டூலை இழுத்தார்.

கடைசியாகக் கேட்டுவைப்போம் என்று கேட்டாள். "அத்தை, ஆறு மணிக்கு வேற ஒண்ணும் செய்ய மாட்டீங்களா? எந்த ஸ்விட்சும் போட மாட்டீங்களா?"

"நான் என்னத்தப் போடப்போறேன். கெபி விளக்கத்தான் போடுவேன்."

"அதை இப்பப் போடலையே நீங்க?"

"மணி அடிக்காம யாராச்சும் கெபிக்கு விளக்குப் போடுவாங்களா? அதுவுமில்லாம நீ கரண்ட் சாமான்தானே கேட்ட. அது மாதா விளக்கும்மா."

முன் வாசலில் சிமெண்டுக் குகையாகக் கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்திருக்கிற கெபி அது. அதற்குள் ஒரு குண்டு பல்பு உண்டு. ரெமிஜியஸ் முதல்முதலில் விமானம் ஏறிய நாளிலிருந்து அவன் சுகத்துக்காக அம்மா நேர்ந்துகொண்ட விளக்கு. அதற்கான ஸ்விட்ச் பத்தாயத்துக்குப் பின்னால் இருக்கிறது, அவளைத் தவிர வேறு கை அதைத் தொட்டதில்லை. மாதாவுக்கு எரிவதை அயர்ன் பாக்ஸோடு சேர்த்து எண்ண அவளுக்கு எப்படி மனம் வரும்?

மணிக்கு முன்னால் போடுவதற்கு அவள் ஒப்பவில்லை. பாவம் தன்னைச் சேரட்டும் என்று ஃபிளோராவே பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினாள்.

டக்.

ரேடியோ நின்றது. டி.வி. அணைந்தது.

"கரண்ட் போச்சு பாரு. ஸ்விட்ச அணைச்சிடு" என்றாள் செபஸ்தியம்மாள். கரண்ட் போனால் அவள் செய்கிற முதல் காரியம் அது. திரும்ப வரும்போது வேகமாக வந்து மாதாவின் பல்பைச் சுட்டுவிடும் என்று உடனே ஸ்விட்சை அணைத்துவிடுவாள். அணைத்துவிட்டு வர்த்தியோடு வெளியே வருவாள். கொஞ்ச நாளாகத் தினமும் போகிறதே என்று வர்த்தியையும் முன்கூட்டியே ஏற்றிவைத்துக்கொண்டாள். பிறகு பிரின்ஸி வந்து டிரிப்பரைத் தூக்கிவிட்டால் அது விழாமல் நிற்கும், ஸ்விட்ச்தான் அணைந்துவிட்டதே. யாருக்கும் தெரியாமல் போனது இப்படித்தான்.

மெழுகுவர்த்தி மர்மம் விலகியது. மாமியார் பேரில் கட்டிவைத்திருந்த கோட்டை ஃபிளோராவுக்குள் இடிந்து விழுந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாரும் கெபிக்குப் போனார்கள். வீட்டிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு கம்பிதான் வந்தது. பல்பிலிருந்து கிளம்பிய இன்னொரு கம்பி வீட்டுக்குத் திரும்பாமல், பக்கத்தில் இருந்த அடிபம்பின் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கோவிந்தராசு அதைப் பார்த்துவிட்டு அடைக்கலசாமியைப் பார்த்தார். அடைக்கலசாமி ஆற்றங்கரைப் பக்கம் பார்த்தார்.

அந்த வேலை அவருடையதுதான். கெபி கட்டியபோது, ஒரு கம்பியை மட்டும் வீட்டிலிருந்து இழுத்து, மற்றதைப் பம்புக் குழாயில் கட்டினாலே பல்பு எரிகிறது என்று கண்டுபிடித்தார். அன்று ஊரில் நாலு பேர் வந்து பார்த்து, சாமர்த்தியம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரை அவர் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

டிரிப்பர் ஏன் விழுகிறது என்று ஃபிளோரா மாமனாருக்குச் சொன்னாள். அது போகிற கரண்ட்டையும் திரும்பி வருகிற கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். போனது குறையாமல் திரும்பி வந்தால் நிற்கும். குறைந்தால், எங்கேயோ தரைக்கு இறங்குகிறது, ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியாக இறங்குகிறது என்று அணைத்துவிடும்.

அடைக்கலசாமி தாடையைத் தடவிக்கொண்டார். தண்ணீர்த் தகராறில் வாலிபத்தைக் கழித்தவர் அவர். "தலைமதகுல விட்ட தண்ணி கடைமடைக்கு வந்து சேரலைன்னா, நடுவுல எவனோ கரையை வெட்டிட்டான்னு அர்த்தம். அப்படித்தானே?" என்றார்.

"அப்படித்தான் மாமா."

"அப்ப வெட்டினவன் நாந்தான்" என்றார். கரை வெட்டியவர்களை ஊர்க் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாய் அது. கோவிந்தராசு இதைக் கேட்டுவிட்டு, நான் அப்பவே எர்த்துப் பக்கம்தான் சந்தேகப்பட்டேன் என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

செபஸ்தியம்மாளுக்கு வேறு கவலை. பம்பிலிருந்து கம்பியை எடுக்கக் கூடாது என்று குறுக்கே நின்றுகொண்டாள். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. போன வருஷம் பம்புக்குக் கீழே இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் இறக்கினார்கள். அதிலிருந்து, மாலையில் விளக்கைப் போட்டுவிட்டுக் கால் கழுவப் பம்பை அடித்தால், கைப்பிடியிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறியதாம். விளக்கு கொஞ்சம் மங்கியதாம். மாதா தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு பம்புக்கு அருளைக் கொடுத்தாள் என்று அவள் கணக்குப் போட்டாள். விரல் மூட்டு வலிகூடக் குறைந்ததாம். சாவித்திரியும் தன் தோள்பட்டை வலிக்காகக் குடத்தோடு வந்துபோயிருக்கிறாள். இந்த டிரிப்பர் வந்த நாளிலிருந்து அருள் நின்றுவிட்டது, வலி திரும்பிவிட்டது. அதனால்தான் பெட்டியைக் கழற்ற முறுக்கு.

ஃபிளோரா பம்படியைப் பார்த்தாள். ஈரத் தரை, வெறுங்கால், இரும்புக் கைப்பிடி. அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அது மாதா இல்ல. கரண்ட். உள்ள இரும்பு இருந்தவரைக்கும் அது ஆழமா மண்ணுக்குள்ள போச்சு. இப்பப் போக வழியில்லாம பம்பு மேலயே நிக்குது. இந்த டப்பா மட்டும் வரலைன்னா ஒருநாள் உங்களைத் தூக்கிக்கிட்டுத்தான் போயிருக்கணும். தினமும் சாயங்காலம் அது விழுந்தது உங்களுக்காகத்தான்."

செபஸ்தியம்மாள் பம்பையும் கெபியையும் மாறி மாறிப் பார்த்தாள். "கரண்ட்டப் படைச்சது யாரு? அவதானே" என்றாள். ஆனால் குறுக்கே நின்றவள் விலகிக்கொண்டாள். மருமகள் பிடித்த கையை அவள் உதறவில்லை என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

இனி ஒரே வழி, வீட்டிலிருந்து இரண்டாவது கம்பியை இழுத்துப் பல்புக்கு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி வருகிற வழி, கொடுப்பது. கடைக்குப் போய் வர நேரமில்லை. அடைக்கலசாமி பரண் மேல் ஏறி, காக்கிப் பையிலிருந்து ஒரு சுருள் கம்பியை எடுத்துக் கீழே போட்டார். கெபி கட்டிய வருஷம் சாமர்த்தியத்தால் மிச்சம் பிடித்த அதே கம்பி. இத்தனை வருஷமும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

மெயினை அணைத்துவிட்டுக் கோவிந்தராசு வேலையை ஆரம்பித்தார். அதற்குள் நிழல் நீண்டுவிட்டது. ரெமிஜியஸ் வழக்கமாக மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டுவிடுவான். கரண்ட் இல்லாத வீட்டில் போன் ஊமையாக உட்கார்ந்திருந்தது. அவன் இப்போது கூப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இங்கே தெரியாது. ஃபிளோரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோவிந்தராசு கம்பியின் தோலைப் பல்லால் உரிக்கிற ஒவ்வொரு முறையும் அவள் திரும்பி வெளியே நிழலைப் பார்த்தாள்.

கோயில் மணி அடித்தது. கோவிந்தராசு பம்பில் சுற்றியிருந்த கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, போடலாம் என்று கை காட்டினார். பிரின்ஸி மெயினைப் போட்டாள். செபஸ்தியம்மாள் முக்காட்டை இழுத்துக்கொண்டு பத்தாயத்துக்குப் பின்னால் கையை விட்டாள். எல்லாரும் நிலைக்கு மேலே பார்த்தார்கள்.

டிரிப்பர் நின்றது. கெபிக்குள் பல்பு, ஒரு வருஷமாக இல்லாத வெளிச்சத்தோடு எரிந்தது. மாதாவின் நீல அங்கி தெருவரை தெரிந்தது. கோவிந்தராசு, தெரிந்த வேலையை எல்லாரும் செய்யலாம், செய்கிற பக்குவம் வேண்டும் என்று அடைக்கலசாமியிடம் சொல்லிக்கொண்டே, மிச்ச முறுக்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் போன் வரவில்லை.

மணியோசை அடங்கியது. தெருவில் மாடுகள் திரும்பின. மெயின் அணைந்திருந்தபோது கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் பதில் என்று பூத்தைவிட்டு வெளியே போய்விட்டானா? ஃபிளோரா கெபியைப் பார்த்தாள். அவள் மாதாவிடம் அதிகம் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

போன் அடித்தது.

"இன்னிக்கு வரிசை ஜாஸ்தி" என்றான் ரெமிஜியஸ். குரல் விறைப்பாக இருந்தது. "சொல்லு. இல்ல, இப்பவும் வைக்கப்போறியா?"

"நான் எப்பவும் வைக்கலைங்க" என்று ஆரம்பித்து, கெபி, பம்பு, டிரிப்பர், மாமா, முறுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவன் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

"நான் வர்றேங்க. நாளைக்குச் சொல்லிடுங்க. நான் வர்றேன்" என்றாள். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே கெபி விளக்கு அணைந்தது.

உடனே எரிந்தது. மறுபடி அணைந்தது. மறுபடி எரிந்தது.

ஃபிளோரா நிலைக்கு மேலே பார்த்தாள். டிரிப்பர் அசையாமல் நின்றது. போன் கரகரப்புக்கூட இல்லாமல் தெளிவாக இருந்தது. அடைக்கலசாமி ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பிரின்ஸி டி.வி. முன்னால் இருந்தாள். கூடத்தில் ஒரு ஆள் மட்டும் குறைந்தது.

"என்ன, சத்தத்தையே காணும்? அம்மா என்ன சொல்றாங்க?" என்றான் ரெமிஜியஸ்.

விளக்கு மறுபடி அணைந்தது.

"அத்தை கெபிக்கு விளக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள் ஃபிளோரா.

"சரி, அவங்ககிட்டக் குடு. அவங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். அம்மா சரின்னா சரி."

கம்பியில்லாத போனில் இது ஒரு வசதி. எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். ஃபிளோரா பத்தாய அறைக்குப் போனாள். விளக்கு மறுபடி எரிந்துகொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி நின்ற செபஸ்தியம்மாளின் வலது கை பத்தாயத்துக்குப் பின்னால், இனிப் போனை அறுக்க முடியாத அந்த ஸ்விட்ச் மேல் இருந்தது. மருமகளைப் பார்த்ததும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கண் இரண்டும் நனைந்திருந்தன.

"அத்தை, உங்க பிள்ளை" என்று ஃபிளோரா போனை நீட்டினாள்.

செபஸ்தியம்மாள் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்காமல், இடது கையால் போனை வாங்கிக்கொண்டாள்.